இலை எடுக்க ஆளில்லாத கல்யாணம்

மொதல்ல தீமையை எழுதிக்கோங்கம்மா. நன்மை கெடக்கு, அது எங்க ஓடிப் போயிரப் போகுது.

கணக்கெடுக்க வந்தா வரிசைப்படிதான் கேக்கணுமா? சரி, கேளுங்க. பேரு குபேந்திரன். வயசு அம்பத்தெட்டு. தொழிலா? இந்தா, நீங்க உக்காந்திருக்கீங்களே, இந்த நாகம்மாள் மஹால் நம்மளோடதுதான். நாகம்மாள் எங்க மாமியா பேரு. மாமனார் கட்டுனது, கல்யாணத்தப்ப எம் பேருக்கு எழுதி வச்சுட்டாரு. முன்னாடி அஞ்சு கடை, பின்னாடி எட்டு லைன் வீடு. மாசம் பொறந்தா வாடகை தன்னால வந்து விழுந்துரும். சொந்த உழைப்புன்னு எழுதிக்கோங்க. மாமனார் உழைப்புன்னா என்ன, நம்ம குடும்பத்து உழைப்புதான?

மூணு வருசத்துக்கு முன்னாடி உங்க அறக்கட்டளைக்காரங்க மொதமொதல்ல கூட்டம் போட்டது இந்த மண்டபத்துலதான். வாடகை கரெக்டா குடுத்துட்டாங்க. அதை வேணா நன்மையில எழுதுங்க. அன்னைக்கு மெட்ராஸ்ல இருந்து வந்த ஒரு மேடம் மைக்கைப் பிடிச்சாங்க. நம்ம கரட்டூர்ல பதினெட்டு வயசு தாண்டுன அத்தனை பேருக்கும் மாசம் ரெண்டாயிரம் ரூவா பேங்குல விழும், ஏழையா பணக்காரனான்னு கேக்க மாட்டோம், வேலைக்குப் போறியான்னு கேக்க மாட்டோம், என்ன செலவு பண்ணுனன்னும் கேக்க மாட்டோம்னாங்க. நான் எந்திரிச்சுக் கேட்டேன். ஏம்மா, இப்பிடிச் சும்மா தூக்கிக் குடுத்தா சனம் கெட்டுப் போயிராதான்னு. அதுக்கு அந்த மேடம், "அதைத் தெரிஞ்சுக்கத்தான் சார் குடுக்கறோம்"னாங்க. ஊரு கெடுதா இல்லையான்னு பாக்கறதுக்குக் காசு செலவழிக்கிற ஆளுகளை அன்னைக்குத்தான் பாத்தேன்.

ஆமா, நானும் வாங்குனேன். பின்ன? எல்லாருக்கும்னு சொல்லிட்டு எனக்கு மட்டும் இல்லைன்னா அது அநியாயம்ல? எனக்கு, எங்க வீட்டுக்காரி விமலாவுக்கு, மக ஹேமாவுக்கு, மூணு பேருக்கும் விழுந்துச்சு. ஆனா நாங்க கெட்டுப் போகலை. ஏன்னா எங்களுக்குக் காசு பழக்கம். பழக்கம் இல்லாத கையில குடுத்தாத்தான் கேடு. இதை அப்பிடியே எழுதிக்கோங்க, எம் பேரு போட்டாலும் பரவாயில்ல.

என்ன கேடுன்னா கேக்கறீங்க? ஒண்ணா ரெண்டா. முந்தியெல்லாம் விடியக்காலம் மில்லு வேன் வந்து நின்னா, ஏறு ஏறுன்னா ஏறிருவாய்ங்க. இப்ப வேன் டிரைவர்கிட்டக் குனிஞ்சு, "எம்புட்டுக் குடுப்பீக?"ன்னு கேக்கறாய்ங்க. ஏறுறதுக்கு முன்னாடியே கேக்கறாய்ங்கம்மா! விலைவாசியைப் பாத்தீங்களா? எங்க லைன் வீட்டையே எடுத்துக்கோங்க, வாடகை ஐநூறு ஏறிப்போச்சு. யாரு ஏத்துனதா? நாந்தான் ஏத்துனேன். வீடு என்னோடது, வேற யாரு வந்து ஏத்துவா?

குடிச்சு அழிச்சாய்ங்களான்னு ஒரு கேள்வி போட்டிருக்கீங்க. அதுலதாம்மா எனக்குக் கொஞ்சம் ஏமாத்தம். பூராம் கடைக்குத்தான் போகும்னு நானும் ஆறு மாசம் பாத்தேன். குடிக்கிறவன் குடிச்ச அளவுக்குத்தான் குடிச்சான், மத்தவய்ங்க என்னென்னமோ பண்றாய்ங்க. பல்லு கட்டுறாய்ங்க. கண்ணாடி போடுறாய்ங்க. எங்க லைன் வீட்டுல ஒருத்தி கண்ணாடி போட்ட மறுநாளே, வாடகை ரசீதைக் கையில வச்சுக்கிட்டு இது என்ன அது என்னன்னு கேக்கறா. பத்து வருசமா கேக்காதவ. கண்ணு தெரிஞ்சதும் வாய் வந்துருது பாருங்க.

அதெல்லாம் போகட்டும். நான் சொல்ல வந்தது சுருளியம்மா விசயம். அதைச் சொல்லாம உங்களை எந்திரிக்க விட மாட்டேன்.

சுருளியம்மா எங்க மண்டபத்துல எலை எடுக்கறவ. இருபத்திரெண்டு வருசமா அவதான், அவ கூட அஞ்சு பொம்பளைக. இந்த வேலை என்ன லேசுன்னா நெனைக்கிறீங்க? நம்ம மண்டபத்துல டேபிள் பூராம் கிரானைட்டு, பேப்பர் விரிக்கறதில்ல. நூறு பேரு சாப்ட்டு எந்திரிச்சா, அடுத்த நூறு பேரு நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாய்ங்க. அதுக்குள்ள ஒருத்தி பிளாஸ்டிக் டப்பைப் பிடிக்க, ஒருத்தி எச்சில் எலையைச் சுருட்டி அதுல போட, ஒருத்தி ஈரத்துணியைப் போட்டுத் துடைக்கன்னு சர்ருனு ஒரு வரிசை முடிஞ்சுரும். ஒரு சொட்டு ரசம் ஒருத்தர் வேட்டியில பட்டதில்ல. அவ வேலையை நான் எப்பவும் குறை சொன்னதில்லம்மா. நான் நல்லவன், நல்லதை நல்லதுன்னுதான் சொல்லுவேன். அவகிட்டச் சொன்னதில்ல, மத்தவுககிட்டச் சொல்லியிருக்கேன்.

கூலி முன்னூத்தம்பது. உங்க காசு விழ ஆரம்பிச்சு அஞ்சாவது மாசமோ ஆறாவது மாசமோ, ஒரு நாள் காலையில வந்து நிக்கிறா. "மொதலாளி, இனிமே எழுநூறு குடுத்தா வாரோம்."

"குடுக்கலைன்னா?"

"வரலை மொதலாளி."

அம்புட்டுதான். கோவமாச் சொல்லியிருந்தாலாவது நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். டீ வேணாம்னு சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போறாம்மா! இருபத்திரெண்டு வருசத்துல எங்கிட்ட 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை அவ சொல்லி நான் கேட்டதே இல்ல. எங்க கத்துக்கிட்டா அதை? மாசம் பொறந்தா அரிசி வாங்கக் காசு இருக்குங்கற தெம்பு. வேற என்ன?

எழுநூறு பெரிய காசில்ல. இந்த மண்டபத்து ஜெனரேட்டர் அதை விடக் கூடத் திங்கும். ஆனா குடுத்துப் பழக்கிரக் கூடாதும்மா. இன்னைக்கு எழுநூறும்பா, நாளைக்கு உக்கார நாற்காலி கேப்பா. அதனால நானும் விட்டுட்டேன். மண்டபம் பிடிக்க வாரவுககிட்ட, எலை எடுக்க ஆளு நீங்களே பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன். அவுகபாடு. ஒரு வருசம் இப்பிடியே ஓடிருச்சு.

அப்பத்தான் ஹேமாவுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு.

மாப்பிள்ளை வீடு திண்டுக்கல்லு. சம்பந்தி பரமசிவம் ரிட்டயர்டு அதிகாரி. அதிகம் பேச மாட்டாரு, பாப்பாரு. பூ வச்ச அன்னைக்கே காபி டம்ளரைத் தூக்கி அடியைப் பாத்துட்டுத்தான் குடிச்சாரு. அந்தப் பார்வைக்குத்தாம்மா நான் ஆறு மாசமா பயந்துக்கிட்டுக் கெடந்தேன். எனக்கு ஒரே பொண்ணு. கல்யாணத்துல ஒரு குறை வந்துருச்சுன்னா சொல்றவுக எங்கிட்டச் சொல்ல மாட்டாக. எம் பொண்ணுகிட்டத்தான் சொல்லுவாக. அடுப்படியில, ஆயுசுக்கும். அதனால பந்தி மட்டும் சொதப்பிரக் கூடாதுன்னு சாமிகிட்டக் கூட வேண்டிக்கிட்டேன்.

சமையலுக்கு மதுரை ஆளுக. ஆக்குவோம், பரிமாறுவோம், எலை எடுக்க மாட்டோம், அதுக்கு எட்டுப் பேரு தனியா வேணும்னா தலைக்கு ஆயிரம்னாய்ங்க. அட போங்கடான்னுட்டேன். விமலா சொன்னா, "ஏங்க, சுருளியம்மா கேட்டதைக் குடுத்துத்தான் தொலைங்களேன். புள்ளை கல்யாணத்துல போயிக் கொள்கை பேசிக்கிட்டு." அவளுக்கு ஒலகம் தெரியாதும்மா. பாவம், அவ பேருல வாரதையும் நாந்தான் எடுத்து வரவு செலவு பாக்கறேன்.

நான் யோசிச்சேன். நம்மகிட்டயா நடக்கும்? அவகிட்டக் கூலியே பேசக் கூடாது. என்ன பண்ணனும்? பத்திரிகை வைக்கணும்!

நீங்க டவுன்ல வளந்த பொண்ணு, உங்களுக்கு இது தெரியாது. நம்ம பக்கம் தாம்பாளத்துல வெத்தலை பாக்கு, பழம், பூ வச்சு, வீடு தேடிப் போயி அழைச்சுட்டா, அது பெரிய மரியாதை. அழைச்ச வீட்டுல போயி ஒரு வேலை கெடந்தா, கையைக் கட்டிக்கிட்டு நிக்க முடியாது. முடிச்சுட்டுக் கூலின்னு கையையும் நீட்ட முடியாது. எழுநூறும் இல்ல, முன்னூத்தம்பதும் இல்ல. ஒரு பத்திரிகை, நாலு வெத்தலை. ஆறு ஆளு வேலை! எப்பிடி? அந்த யோசனை வந்தப்ப எனக்கே என்னை நெனைச்சு மலைப்பா இருந்துச்சு.

போனேன். இத்தனை வருசத்துல அந்தத் தெருவுக்குள்ள அன்னைக்குத்தான் போறேன். காரு உள்ள போகாது. நானே தாம்பாளத்தைத் தூக்கிக்கிட்டு நடந்தேன். சுருளியம்மா வாசல்ல புளி ஆஞ்சுக்கிட்டு இருந்தவ, வெடுக்குனு எந்திரிச்சுட்டா. ஒரு புது நாற்காலியைத் தூக்கிட்டு வந்து, முந்தானையால துடைச்சுப் போட்டா. நான் நின்னுக்கிட்டேதான் குடுத்தேன்.

வாங்கிப் பாத்துட்டு, "கவர்ல பேரு எழுதலையே மொதலாளி"ன்னா.

எழுதலைதான். அவசரத்துல எடுத்துட்டுப் போனது. அங்கனயே தொடையில வச்சு எழுதுனேன். அவ வீட்டுக்காரன் பேரு எனக்குத் தெரியலை, கேட்டுத்தான் எழுதுனேன். 'திரு. வீரணன் – சுருளியம்மாள் குடும்பத்தார்'. அதைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. கண்ணு கலங்குன மாதிரி இருந்துச்சு. நான் மனசுக்குள்ள, சரி, விழுந்துட்டான்னு நெனைச்சேன்.

அப்புறம் தலையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டா. "மொதலாளி, முன்வாசலா வரவா, பின்வாசலா வரவா?"

நான் சிரிச்சுட்டேன். "இதென்ன கேள்வி, முன்வாசல்லயே வா. அந்த அஞ்சு பேரையும் கூட்டிக்கிட்டு வந்துரு. உங்க வீட்டுக் கல்யாணமா நெனைச்சுக்கோ. நீ இல்லாம எனக்குப் பந்தி நடக்குமா சொல்லு"ன்னேன்.

தப்பா சொல்லிட்டேனாம்மா? உங்க வீட்டுக் கல்யாணமா நெனைச்சுக்கோங்கன்னு ஊர்ல ஆயிரம் பேருகிட்டச் சொல்லியிருக்கேன். யாராவது ஒருத்தன் அப்பிடியே நெனைச்சானா?

முகூர்த்தத்தன்னைக்கு நான் வாசல்ல நிக்கிறேன். பக்கத்துல சம்பந்தி, சம்பந்தி அம்மா. மேளம் வாசிக்கிறாக. அந்நேரம் ஆறு பொம்பளைக வாராக. நல்ல பட்டு மாதிரி சேலை, தலை நெறையப் பூவு. கூட வெள்ளை வேட்டியில ஒரு ஆளு. யாரோ மதுரைச் சொந்தம் போலன்னு நானே கையெடுத்துக் கும்பிட்டுட்டேன்! கும்பிட்ட கையோட மூஞ்சியைப் பாக்கறேன், சுருளியம்மா.

சம்பந்தி அம்மா பன்னீர் தெளிக்கிறாக. சந்தனம் குடுக்கறாக. "வாங்க, வாங்க, ஏன் இம்புட்டு லேட்டு?"ங்கறாக. சரி, தாலி கட்டுறதைப் பாத்துட்டு பின்னாடி போயிச் சேலையை மாத்திக்கிட்டு வேலையைப் பாப்பாளுகன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். முன்வரிசையில உக்காந்தாக. அட்சதை போட்டாக. சுருளியம்மா எம் பொண்ணுக்குக் குத்துவிளக்கு ஒண்ணு குடுத்தா, நல்ல கனமான வெளக்கு. ஹேமா அவ கால்ல வேற விழுந்துட்டா. அது சின்னப் புள்ளை, மேடையில யாரு வந்தாலும் விழுந்துக்கிட்டு இருந்துச்சு.

மொதப் பந்திக்குச் சம்பந்தியைக் கூட்டிக்கிட்டுப் போறேன். போனா, மூணாவது வரிசையில சுருளியம்மா வீட்டுக்காரனோட சேத்து ஏழு பேரும் வரிசையா உக்காந்திருக்காக. சம்பந்திக்கு அடுத்த எலை சுருளியம்மா. நான் பதறிப்போயி அவ காதுகிட்டக் குனிஞ்சு, "ஏ சுருளி, என்ன இது, உக்காந்துட்ட? எலை யாரு எடுக்கறது?"ன்னேன்.

அவ எலையில தண்ணி தெளிச்சுக்கிட்டே, "அழைச்ச எடத்துல சாப்பிடாமப் போனா உங்களுக்குத்தான மொதலாளி மரியாதைக் குறைச்சல்"னா.

சம்பந்தி அந்தப் பார்வையைத் திருப்பி எம் மேல வச்சாரு. "இவுக யாரு?"

என்னத்தச் சொல்லச் சொல்றீங்க? எலை எடுக்க வந்தவுகன்னா, ஏன் உக்காந்திருக்காகன்னு கேப்பாரு. "வேண்டியவுக"ன்னேன். "ரொம்ப வேண்டியவுக."

பந்தி முடிஞ்சுச்சு. சனம் எந்திரிச்சு கை கழுவப் போயிருச்சு. அடுத்த பந்திக்கு நூத்துச் சொச்சம் பேரு வந்து நிக்கிறாக, பாதிக்கு மேல திண்டுக்கல்லு ஆளுக. டேபிள் பூராம் எச்சில் எலை. மதுரைக்காரய்ங்க சுவத்தோரம் நின்னுக்கிட்டு, "பேசும்போதே சொன்னோம்லண்ணே, அது எங்க வேலை இல்ல"ங்கறாய்ங்க. எங்க அண்ணன் மகன் ரெண்டு பேரைக் கூப்பிட்டேன், போன் வந்த மாதிரி காதுல வச்சுக்கிட்டு வெளிய போயிட்டாய்ங்க. மச்சினனுக்கு அப்பத்தான் இடுப்பு பிடிச்சுக்கிருச்சு. ஆயிரம் தாரேன், ரெண்டாயிரம் தாரேன், யாராவது வாங்கடான்னு வாசல் வரைக்கும் ஓடுனேன். ஒருத்தன் வரலை. திரும்பி வந்தா, சம்பந்தி வீட்டு அத்தை ஒருத்தி மூக்கைச் சுளிச்சுக்கிட்டு என்னமோ சொல்றா. எம் பொண்ணு மேடையில இருந்து எட்டிப் பாக்குது. அது மூஞ்சி வாடிப் போச்சும்மா. பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டுனேன். டப்பை எடுத்தேன்.

மொத எலை சம்பந்தியோடது. ரெண்டாவது எலை சுருளியம்மாவோடது. அவ இன்னும் எந்திரிக்கலை, பாயாசம் கடைசி வாய் குடிச்சுக்கிட்டு இருந்தா. சாவகாசமா எலையைத் தன் பக்கமா மடிச்சா, உறவு நெலைக்கணும்னு மடிக்கிற மாதிரி. நான் அதைக் கொத்தாத் தூக்குனேன், ரசம் பூராம் எஞ் சட்டையில.

"தூக்கக் கூடாது மொதலாளி. சுருட்டணும். நுனியில இருந்து உங்க பக்கமா சுருட்டிக்கிட்டே வாங்க"ங்கறா. எனக்கு, எங்க மண்டபத்துல, எலை எடுக்கச் சொல்லித் தாரா! அவ சொன்ன மாதிரியே சுருட்டுனேன். அதுக்கப்புறம் ஒழுகலை, அதையும் சொல்லணும்ல.

அஞ்சு பந்தி. அறுநூறு எலை. குனிஞ்சு நிமிந்து, குனிஞ்சு நிமிந்து இடுப்பு கழண்டு போச்சு. எலை எடுக்கறவனை யாரும் மூஞ்சியைப் பாக்கறதில்லம்மா, அது உங்களுக்குத் தெரியுமா? காலேஜ்ல எங்கூடப் படிச்சவன், எங்கிட்டயே, "ஏம்ப்பா, இங்கிட்டு ஒரு எலை கெடக்கு பாரு"ங்கறான். மூணாவது பந்தியில சம்பந்தி வந்து நின்னு பாத்தாரு. போச்சு, மானம் போச்சுன்னு நெனைச்சேன். அந்த மனுசன் எங் கையைப் பிடிச்சு, "பொண்ணைப் பெத்தவர் தன் கையால எலை எடுக்கறதை இன்னைக்குத்தான் பாக்கறேன். என்ன ஒரு பணிவு சம்பந்தி உங்களுக்கு"ன்னு சொல்றாரு. அவர் வாயில இருந்து வந்த மொத நல்ல வார்த்தை. "நம்ம வீட்டுக் காரியம், நாமதான செய்யணும்"னேன். பின்ன, இல்லைன்னா சொல்ல முடியும்? அதுல இருந்து திண்டுக்கல்லுல எனக்கு நல்ல பேரு. பொண்ணும் நல்லா இருக்கு. அது நன்மை ஆகாதும்மா, அது என்னோட சாமர்த்தியம்.

ஆனாலும் எனக்கு மனசு ஆறலை. ஏன்னா கேக்கறீங்க? எலை எடுத்தது கூட இல்ல. அதுக்கப்புறம் நடந்ததுதான்.

கடைசிப் பந்தி முடிஞ்சு மணி நாலு இருக்கும். பின்பக்கம் பாத்திரம் கழுவுற கல்லுகிட்டப் படியில உக்காந்துட்டேன். மொய் எழுதறாக, போட்டோ எடுக்கறாக, சிரிப்பு கேக்குது. எம் பொண்ணு கல்யாணம், எம் மண்டபம், காலையில இருந்து நான் பச்சைத் தண்ணி குடிக்கலை. சம்பந்தி கேக்கலை. மாப்பிள்ளை கேக்கலை. கூடப் பொறந்தவன் என்னைத் தாண்டிப் போறான், கேக்கலை. பெத்த பொண்ணு மறுவீட்டுக்குக் கிளம்புற பரபரப்புல கேக்கலை. விமலா எங்க இருந்தான்னே தெரியலை. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சும்மா, சொல்றதுக்கென்ன.

அப்பத்தான் சுருளியம்மா தாம்பூலப் பையோட அந்தப் பக்கமா வாரா. சொல்லிட்டுப் போலாம்னு என்னைத் தேடியிருக்கா. பக்கத்துல வந்து, குனிஞ்சு எம் மூஞ்சியைப் பாத்து, "சாப்ட்டீங்களா மொதலாளி?"ன்னு கேட்டா. உள்ள போயி, எங்க இருந்து எடுத்தாளோ, ஒரு எலையில சோறும் சாம்பாரும் கொஞ்சம் அப்பளமும் போட்டு, எம் முன்னாடி வச்சுட்டுப் போயிட்டா.

தின்னேன். பசிச்சா என்ன பண்ண முடியும்?

ஆனா அந்தக் கேள்வி இருக்கு பாருங்க, எட்டு மாசமாச்சு, இன்னும் குத்துது. எலை எடுக்கற ஒருத்தி, மண்டபத்து மொதலாளியைப் பாத்து, சாப்ட்டியான்னு கேக்கற அளவுக்குத் தைரியம் எங்க இருந்து வந்துச்சு? உங்க ரெண்டாயிரத்துல இருந்துதான வந்துச்சு? நல்லா எழுதுங்கம்மா, அழுத்தி எழுதுங்க. இருபத்திரெண்டு வருசம் இங்க வேலை பாத்தா. அந்தப் படியில அவ உக்காந்திருக்க, நான் எத்தனையோ நாளு தாண்டிப் போயிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது அவளைப் பாத்து, சாப்ட்டியான்னு கேட்டு நான் அவளை அசிங்கப்படுத்தியிருப்பேனா?